பாரம், எண் நான்கு

"கேள்வி வரட்டும், பிள்ளை. கேள்வி வந்தால்தானே…"

"கேள்வி என்னங்கய்யா கேள்வி! அங்க குழி வெட்டிக் கெடக்குது, நாந்தான் வெட்டுனேன்…"

"…பதில் எண்டு ஒண்டைச் சொல்லலாம். கேளாத கேள்விக்கு ஆர் பதில்…"

"…இந்தக் கையாலதான் வெட்டுனேன், இந்தக் கையாலதான் லாலான் புல்லை அள்ளிப் போட்டு மூடுனேன். மேலேருந்து பாத்தா தெரியவே தெரியாதுங்க. அவரு வந்து அதுலதான் எறங்குவாரு!"

"ஆர் அவர்?"

நல்லம்மாள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

தலைமைக் கிராணி கந்தப்பு பேனாவை மைக்கூட்டில் தொட்டு, அதன் நுனியைக் கூட்டின் விளிம்பில் இரண்டு தடவை தட்டி, காத்திருந்தார். முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் அவர் ஒரு பெயருக்காகக் காத்திருந்த நேரத்தை மட்டும் கூட்டினால் ஒரு தனி ஓய்வூதியமே வரும்.

"எங்க வீட்டுக்காரருங்க" என்றாள் நல்லம்மாள்.

"விமானத்தில உம்மட வீட்டுக்காரர் இல்லை." அவர் பதிவேட்டைத் திருப்பிப் படித்தார். "பகல் ஒரு மணி ஐந்து நிமிஷம். விமானம் ஒண்டு. விமானி ஒருவர், பார்லோ துரை. வானொலிப் பெட்டி ஒண்டு. பாரம் ஒண்டு, எண் நான்கு. இவ்வளவுதான் மேல போனது."

"அந்தப் பாரந்தாங்கய்யா அவரு!"

அது 1937. கோலாலம்பூருக்குத் தெற்கே, ஈயம் தோண்டிப்போட்ட குளங்களுக்கு நடுவில் சமப்படுத்திய ஒரு திடலில் விமானங்கள் இறங்கின. திடலின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதற்கு வான்செய்தி அலுவலகம் என்று பெயர். மேலே போகிறவர்கள் வானொலியில் கேட்பதற்குக் கீழே இருக்கிறவர்கள் பதில் சொல்வது அதன் வேலை. இதற்கு நாற்பத்திரண்டு விதிகள் இருந்தன. நாலாம் விதி, கேட்டதற்கு மட்டுமே பதில் என்றது. பதினோராம் விதி, கேட்ட வரிசையிலேயே பதில் என்றது. மற்ற நாற்பது விதிகளும் இந்த இரண்டையும் மீறாமல் இருப்பது எப்படி என்பதை விளக்கின.

அந்த வாரம் திங்கட்கிழமை அலுவலகத்துக் கம்பத்தில் இடி விழுந்தது. வானொலிப் பெட்டியில் பேசுகிற பாதி வெந்துபோனது. கேட்கிற பாதி பிழைத்துக்கொண்டது. ஆகவே நாலு நாட்களாக விமானிகள் கேள்வி கேட்டார்கள், அலுவலகம் கேட்டு எழுதிக்கொண்டது, பதில் மட்டும் போகவில்லை. விமானிகள் எட்டிப் பார்த்துத் தங்கள் கண்ணையே நம்பி இறங்கிவிட்டார்கள். அலுவலகத்துக்கு அதில் மிகுந்த மனவருத்தம்.

வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து புதுப் பெட்டிகள் இரண்டு வந்தன. ஒன்றை அலுவலகத்தில் வைத்தார்கள். மற்றதை ஒரு சின்ன விமானத்தின் வால்பக்கம் கட்டி, மேலே அனுப்பிச் சோதிக்க வேண்டும். வால் கனத்துவிட்டதால் முன்னிருக்கையில் ஒரு பாரம் வைக்க வேண்டியிருந்தது. நூற்று இருபத்தாறு இறாத்தல், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதற்கென்று ஒரு மணல்மூட்டை உண்டு. அதுதான் எண் நான்கு. ஆனால் அது வியாழக்கிழமை மழையில் நனைந்து நூற்று நாற்பத்தொன்று காட்டியது.

மூட்டையைத் தராசில் ஏற்றி இறக்கியவன் ஸ்டோர் கூலி வாசு. மூட்டையை இறக்கிவிட்டு விளையாட்டாகத் தானே ஒரு தடவை தராசில் ஏறி நின்றான். முள் நூற்று இருபத்தாறில் வந்து நின்றது. அவன் செய்த பிழை அது ஒன்றுதான். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், நூற்று இருபத்தைந்தரை. திரும்பப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பார்லோ துரை கையெழுத்துப் போட்டு, 'பாரம் ஒன்று பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்தார்.

விமானம் மேலே போன கையோடு, வடிகால் பிரிவு தன் ஆட்களைத் திடலில் இறக்கியது. தேங்குகிற மழைத் தண்ணீரை வடிக்க, திடலின் குறுக்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால். 'திடலில் விமானம் இல்லாத நேரத்தில் மட்டும் வெட்டவும்' என்று கட்டளைத் தாளில் இருந்தது. ஆட்களை மேய்க்கும் மண்டோர் பக்கிரிசாமி நெற்றியில் கை வைத்துத் திடலை இரண்டு பக்கமும் பார்த்தார். விமானம் இல்லை. அது மேலே இருந்தது. வெட்டினார்கள். அடுத்த வாரம் பெரிய துரை ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வருகிறார், அதுவரை செம்மண் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. அதனால் மண்ணைக் கூடைகளில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, வாய்க்காலின் மேல் லாலான் புல்லைப் பரப்பினார்கள். நல்லம்மாள் வேலையில் சுத்தம் பார்க்கிறவள். அவள் பரப்பிய இடத்தில் ஓர் அங்குலம்கூட மண் தெரியவில்லை.

கடைசிக் கூடையைக் கவிழ்க்கும்போதுதான் மண்டோர் சிரித்துக்கொண்டே சொன்னார். "என்ன நல்லம்மா, ஒன் ஆளு ஆகாசத்துல போறானாமே? மூட்டைக்குப் பதிலா அவனைக் கட்டி வச்சு அனுப்பியிருக்காங்களாம்."

அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"பாரம் எண்டு எழுதினதை ஆள் எண்டு மாத்த வேணுமெண்டால் பேர் வேணும்" என்றார் கந்தப்பு. "சொல்லும்."

"எப்படிங்கய்யா என் வாயால சொல்லுவேன்?"

"சொல்லாட்டி எப்பிடி எழுதிறது?"

"ஒங்களுக்குத் தெரியாததாங்கய்யா? தெனம் அவருகிட்டதானே டீ வாங்கிட்டு வரச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரிஞ்சதை எழுத விதி இல்லைப் பிள்ளை. விண்ணப்பக்காரர் சொல்லுறதைத்தான் எழுதலாம்."

நல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு யோசித்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "கிருஷ்ண பகவானைப் பெத்த அப்பா பேருங்க. அதுல பாதி."

பிரிக்பீல்ட்ஸ் கோவிலில் வெள்ளி தவறாமல் முன்வரிசையில் நிற்கிற கந்தப்புவுக்கு அது ஒரு நொடியில் புரிந்தது. புரிந்ததை அவர் எழுதவில்லை. சொன்னதை எழுதினார். 'பெயர்: கிருஷ்ண பகவானின் தகப்பனாரில் பாதி.'

அப்போது பெட்டி கரகரத்தது.

பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் ரமணி. இருபத்துமூன்று வயது, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பேசும்போது பெட்டியின் அடியில் இருக்கும் ஒரு பித்தளைக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் கேட்கலாம். மேலேயிருந்து வரும் குரல் ஒரு தகரக் குழல் வழியாக அறை முழுவதும் ஒலித்தது.

"பார்லோ பேசுகிறேன். ஆம்பாங் மலைப்பக்கம் மழை கறுத்துக்கொண்டு வருகிறது. இன்னும் முக்கால் மணி நேரத்துக்குத்தான் பெட்ரோல். திடல் காலியாக இருக்கிறதா? இறங்கலாமா?"

ரமணி துள்ளித் திரும்பினான். "சார்! கொஸ்டின் வந்திருச்சு லா! கேட்டுட்டாரு!"

"என்னா தம்பி கேட்டாரு?"

"திடல் காலியான்னு கேக்கறாருக்கா!"

"முருகா! பத்துமலையானே!" நல்லம்மாள் கும்பிட்டாள். "சொல்லுங்கய்யா, இல்லன்னு சொல்லுங்க! கேட்டாத்தான் சொல்லுவேன்னீங்களே, கேட்டுட்டாங்களே!"

கந்தப்புவின் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. கேட்டாயிற்று. அழகான எழுத்தில் பதிந்தார். "கேள்வி எண் நாற்பது. நல்லது. இதுக்கு முன்னால நிலுவையில எட்டு இருக்கு. முப்பத்திரண்டு தொடக்கம். ரமணி, வாசியும்."

"சார்?"

"திங்கட்கிழமை தபால் விமானம் கேட்டது. முப்பத்திரண்டு. பதில் ஆயத்தமா இருக்கு."

"சார், அந்தத் தபால் பிளேன் போயி நாலு நாளாச்சு. இப்ப மேல இருக்கறது இவரு ஒருத்தருதான்."

"அதுக்கு அவை பதில் வேண்டாமெண்டு எழுதித் தரேல்லையே. பதினோராம் விதி, தம்பி. ஒரு பதிலுக்கு மூண்டு நிமிஷம். எட்டுப் பதிலுக்கு இருபத்துநாலு. பெட்ரோல் நாற்பத்தைந்து. நேரம் கிடக்கு. பதறாதையும்."

ரமணி கட்டையை அழுத்தினான். "கேள்வி முப்பத்திரண்டுக்குப் பதில். கிளப்புக்கு ஐஸ் வந்துவிட்டது."

பெட்டி விதிப்படி திருப்பிச் சொன்னது. "ஐஸ் வந்துவிட்டது. நன்றி."

"தம்பி, குழியச் சொல்லிட்டாங்களா?"

"இல்லக்கா." ரமணி அவளைப் பார்க்காமல் சொன்னான். "ஐஸ் வந்திருச்சுன்னு சொல்லியிருக்காங்க."

முப்பத்துமூன்றாவது செவ்வாய்க்கிழமைக் கேள்வி. மழை உண்டா? பதில், மழை இல்லை. ரமணி அதைப் படித்து முடிக்கும்போது ஒரு இடி இடித்துத் தகரக் கூரை அதிர்ந்தது. மேலிருந்து பார்லோ துரையின் குரல் மரியாதையாக வந்தது. "மழை இல்லை என்று கேட்டுக்கொண்டேன். என் முகத்தில் விழுவது என்ன என்று தெரியவில்லை. திடல் காலியா?"

"நாற்பத்தொண்டு எண்டு பதியட்டோ?" என்று கந்தப்பு தமக்குத்தாமே கேட்டு, "இல்லை, இது அதே கேள்வி. நாற்பது, நினைவூட்டல்" என்று பதிந்தார்.

அதற்குள் வில்மட் துரை தேநீர் முடித்து உள்ளே வந்தார். அலுவலகத்தின் தலைவர் அவர்தான். நல்லம்மாள் போய் அவர் காலில் விழுந்தாள். அவர் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்து, கந்தப்புவைப் பார்த்தார். கந்தப்பு எழுந்து நின்று எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னார், விண்ணப்பக்காரியின் கணவர் பெயர் உட்பட.

"ஒரு கடவுளின் தகப்பனாரில் பாதி" என்று துரை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "அப்படி ஒருவர் நம் சம்பளப் பட்டியலில் இல்லை."

"இல்லை, துரை."

"குழி என்கிறாளே, அது என்ன?"

"வடிகால் பிரிவு வெட்டினது, துரை."

"வெட்டி முடித்துவிட்டார்களா?"

கந்தப்பு நல்லம்மாளிடம் கேட்டார். "முடிஞ்சுதோ?"

"இன்னும் பத்தடி பாக்கிங்கய்யா."

வில்மட் துரையின் முகம் தெளிந்தது. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசினார். கந்தப்பு அதைத் துண்டு துண்டாகத் தமிழில் சொல்லி வந்தார்.

"வேலை முடிந்ததும் அந்தப் பிரிவு நமக்கு முடிவுச் சீட்டு அனுப்பும். அந்தச் சீட்டு வந்த பிறகே அதை நாம் குழி என்று சொல்லலாம். அதுவரை அது நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலை. நடந்துகொண்டிருக்கும் வேலையைப் போய் விமானியிடம் சொன்னால் அவர் பயந்துவிடுவார். வானத்தில் பயந்த விமானியைவிட ஆபத்தானது எதுவும் இல்லை. நான் மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன். இந்த அலுவலகம் ஒரு தவறான பதிலைக்கூட அனுப்பியதில்லை. சில சரியான பதில்கள் வேறு ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். கேட்டவர்கள் காத்திருக்காததால் வருகிற குறை அது. போன வருடம் ஒரு விமானம் சேற்றில் கவிழ்ந்ததே, விசாரணையில் என்ன சொன்னார்கள்? அலுவலகத்தின் பதிவேடுகள் மிகவும் சுத்தமாக இருந்தன என்றுதான் சொன்னார்கள். அந்தப் பாராட்டை நான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்."

மாட்டித்தான் இருந்தது. நல்லம்மாளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவள் அதையும் ஒரு சாமி படம் என்று நினைத்து ஒரு தடவை கும்பிட்டாள்.

"கிள்ளான் பக்கம் எஸ்டேட்டுத் திடல் ஒண்ணு இருக்குங்களே, அங்கயாச்சும் போகச் சொல்லுங்கய்யா."

"அவர் கிள்ளானைப் பற்றிக் கேட்கவில்லையே" என்றார் துரை.

வானத்தில் விமானத்தின் சத்தம் ஒரு வட்டம் போட்டு அறைக்கு மேலே வந்து போனது. அந்தச் சத்தம் தேய்ந்து மறைகிற வரையில் நல்லம்மாள் கூரையையே பார்த்தாள். பிறகு மேசையருகே போனாள்.

"வாசு" என்றாள்.

கந்தப்பு நிமிர்ந்தார்.

"வாசு! அவரு பேரு வாசு! சொல்லிட்டேன், எழுதிக்குங்க! வா, சு! ஸ்டோர்ல வேலை செய்யிற வாசு. போதுங்களா? மூட்டை இல்லங்கய்யா, ஆளுங்க!"

கலியாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. சொல்லி முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரமணி தலையைக் குனிந்துகொண்டான். கந்தப்புகூட ஒரு கணம் பேனாவைத் தூக்கியபடி இருந்தார். பிறகு பதிவேட்டை எடுத்து, 'பாரம் ஒன்று, எண் நான்கு' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'ஆள் ஒருவர், வாசு' என்று எழுதித் துரையின் முன்னால் வைத்தார்.

துரை அதை விரல் வைத்துப் படித்தார்.

"கந்தப்பு, இதன்படி இந்த விமானத்தில் பாரம் இல்லை."

"ஓம், துரை."

"பாரம் இல்லாமல் இந்த விமானம் மேலே போக அனுமதி உண்டா?"

"இல்லை, துரை."

"அனுமதி இல்லாத விமானம் மேலே போயிருக்க முடியாது. மேலே போகாத விமானத்துக்கு இந்த அலுவலகம் பதில் சொல்ல முடியுமா?"

ஓய்வூதியத்துக்குக் கந்தப்புவுக்கு இன்னும் பதினெட்டு மாதங்கள் இருந்தன. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நல்லம்மாளிடம் சொன்னார். "இஞ்ச பாரும், பிள்ளை. ஆள் எண்டு எழுதினால் இனி ஒரு பதிலும் போகாது. பாரம் எண்டால் பதில் போகும். எதை எழுத?"

அவள் ரமணியைப் பார்த்தாள். ரமணி கண்ணை மூடி, பாரம் என்றே இருக்கட்டும் என்பதுபோல் தலையை ஆட்டினான்.

"பாரம்னே எழுதிக்குங்கய்யா" என்றாள்.

எழுதினார். துரை ஒப்பமிட்டுவிட்டுத் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் கதவையும் சாத்தும் சத்தம் கேட்டது.

முப்பத்துநாலு போனது. காற்று எந்தப் பக்கம் என்று செவ்வாய்க்கிழமை ஒருவர் கேட்டிருந்தார், தெற்கு என்று பதில். மேலே விமானம் சிரமப்பட்டுத் திரும்புவது சத்தத்திலேயே தெரிந்தது. முப்பத்தைந்தாவது தாளைக் கந்தப்பு தேடிக்கொண்டிருந்தபோது ரமணி குனிந்து, கால்செருப்பைச் சரி செய்கிறவன்போல நல்லம்மாளிடம் முணுமுணுத்தான்.

"அக்கா, இங்க நின்னு ஒண்ணும் ஆகாது. வெளிய போயி ஒங்க ஆளுங்கள எல்லாம் குழிக்கிட்ட நிக்கச் சொல்லுங்க. கையை ஆட்டட்டும். கண்ணால பாத்தா எறங்க மாட்டாரு லா."

அவள் ஓடினாள். தூறல் தொடங்கியிருந்தது. அவளோடு வாய்க்கால் வெட்டிய பன்னிரண்டு பெண்களும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கூடைகளோடு ஒதுங்கி நின்றார்கள்.

"எந்திரிங்கடி! தங்கமணி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. குழிக்கு அந்தாண்ட வரிசையா நில்லுங்க. ஒட்டி நிக்காதீங்க, இருபதடி தள்ளி நில்லுங்க. கையை ஆட்டுங்க, துணியை ஆட்டுங்க!"

"போன வாரம் நின்ன மாதிரியா, அக்கா?" என்றாள் தங்கமணி. மெலிந்த பெண், சாங்குல் மண்வெட்டியைப் பிடிக்கும்போது மட்டும் பலசாலி.

"அதே மாதிரிதான்! சீக்கிரம்!"

"வந்து எங்க மேல எறங்கிட்டாங்கன்னா?"

"ஆளு நிக்கிறதப் பாத்துட்டு எவனாச்சும் எறங்குவானா? போங்கடி!"

போனார்கள். சொல்லிக்கொடுத்தபடி, ஆளுக்கு மூன்றடி இடைவெளி விட்டு நின்றார்கள். சிவப்பும் பச்சையுமாய்ப் பன்னிரண்டு முந்தானைகள் மழையில் ஆடின. அதைப் பார்த்ததும் நல்லம்மாளுக்குப் பாதி உயிர் திரும்பியது. பார்த்துவிட்டார்கள் என்று காதால் கேட்டால் மீதியும் திரும்பும். அவள் அலுவலகத்துக்கே திரும்பி ஓடினாள்.

அதற்குள் முப்பத்தைந்தும் முப்பத்தாறும் போய்விட்டிருந்தன. அவள் வாசற்படியில் கால் வைக்கும்போது பார்லோ துரையின் குரல் குழலில் நிறைந்திருந்தது. முதல் தடவையாக அது மகிழ்ச்சியாக இருந்தது.

"பாத்துட்டாங்களா, தம்பி? என்னா சொல்றாங்க?"

ரமணி நாற்காலியில் திரும்பினான்.

"பாத்துட்டாருக்கா. வரவேற்பு வரிசை அழகா இருக்குன்னு சொல்றாரு."

போன வாரம் முழுவதும் அந்தப் பன்னிரண்டு பெண்களுக்கும் வரவேற்பு ஒத்திகை நடந்திருந்தது. பெரிய துரை வரும்போது திடலின் நடுவில் வரிசையாக நின்று கையாட்ட வேண்டும். விமானம் அவர்களை நோக்கி வந்து, வரிசைக்குப் பத்தடி முன்னால் நிற்க வேண்டும். மூன்று தடவை ஒத்திகை பார்த்தார்கள். மூன்று தடவையும் விமானத்தை ஓட்டிவந்து நிறுத்தியவர் பார்லோ துரை.

"ஒத்திகையில் செய்ததுபோலவே வரிசையை நோக்கி வந்து நிறுத்துகிறேன்" என்றது பெட்டி. "மழையில் நின்றதற்கு அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். திடல் காலி என்று மட்டும் உறுதி செய்யுங்கள்."

"அய்யோ, வரிசைக்குப் பத்தடியில நிறுத்துவாரே! குழி இருபதடி முன்னாலேயே இருக்கே!" என்றாள் நல்லம்மாள்.

"முப்பத்தேழு" என்றார் கந்தப்பு. "இந்தா, ரமணி."

ரமணி தாளை வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான்.

"இதப் படிக்க மாட்டேன், சார்."

"ஏன்?"

"புதன்கிழமை ஒருத்தரு திடல் காலியான்னு கேட்டிருக்காரு. காலின்னு பதில் எழுதியிருக்கீங்க."

"புதன்கிழமை திடல் காலிதானே? பொய்யோ?"

"பொய்யில்ல, சார். ஆனா இன்னைக்கு இவரு கேட்டதும் அதேதானே, சார்! தனக்குச் சொல்றதா நெனச்சுக்குவாரு!"

"கேள்வி எண்ணைச் சேர்த்துத்தானே சொல்லுறம்?"

"அவருக்கு எண் எப்படித் தெரியும், சார்? எண் போடறது நம்ம பதிவேட்டுல!"

கந்தப்பு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோபோல் இருந்தது. சாத்திய கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிகவும் தணிந்த குரலில் பேசினார்.

"தம்பி, நான் கல்லில்லை. இஞ்ச பார்." மை ஒற்றும் தாளுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி இருவருக்கும் காட்டினார். "கேள்வி நாற்பதுக்குப் பதில். 'காலி இல்லை. குறுக்கே குழி. இறங்க வேண்டாம்.' துரை குழியெண்டு சொல்லக்கூடாதெண்டவர். நான் எழுதிட்டன். என்ர கையெழுத்து. அவருக்குத் தெரிஞ்சால் என்ர பதினெட்டு மாசமும் போச்சு. வடிவா எழுதி வச்சிருக்கிறன். இன்னும் மூண்டே மூண்டு. முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. அது முடிய இது. வரிசையைக் குழப்பினால் இந்தத் தாளும் செல்லாது. குழப்பாமல் வந்தால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது. விளங்குதோ? நீர் படிக்காட்டி நாளைக்கு இந்தக் கதிரையில வேற பெடியன் இருப்பான். அவன் படிப்பான்."

ரமணி கட்டையை அழுத்தினான். "கேள்வி முப்பத்தேழுக்குப் பதில். திடல் காலி."

"திடல் காலி!" என்றது பெட்டி உடனே. "மிக்க நன்றி. வருகிறேன். இந்த வட்டத்தோடு இறங்கிவிடுகிறேன்."

நல்லம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மொழிபெயர்க்க யாரும் முன்வரவுமில்லை. ஆனால் ரமணியின் கை மேசையில் கிடந்த விதத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் தகரக் குழலின் வாயைப் பிடித்துக்கொண்டு அதற்குள் கத்தினாள். "எறங்காதீங்க! குழி இருக்கு! எறங்காதீங்க!" அந்தக் குழல் பேசுகிற குழல். அதற்குக் காது கிடையாது.

"முப்பத்தெட்டு" என்றார் கந்தப்பு. அவர் தாளை ரமணியின் முன்னால் தள்ளினார். "கெதியா, ரமணி, கெதியா. இன்னும் ரெண்டுதான்."

"சோதனைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றது பெட்டி. "சோதனைப் பட்டியலில் ஒன்பதாவது பாக்கி இருக்கிறது. இரண்டாவது குரல் ஒன்றில் பேசிப் பார்ப்பது. இறங்குவதற்குள் அதையும் முடித்துவிடுகிறேன். பேசும் கருவியைப் பாரத்திடம் கொடுக்கிறேன்."

இரைச்சல். காற்று. பிறகு யாரோ இரண்டு தடவை இருமினார்கள்.

"அல்லோ… அல்லோ… கேக்குதுங்களா? நான் ஸ்டோர் வாசு பேசறேன். துரை என்னமோ பேசச் சொல்றாரு. என்னா பேசறதுன்னு தெரியல. ரொம்பக் குளுருதுங்க. பயமாத்தான் இருக்கு, சிரிக்காதீங்க. எறங்கப் போறோமுங்க."

"தம்பி! என்னங்க! தம்பி, பேசு, அந்தக் கட்டைய அமுக்கு! அமுக்கு, தம்பி!"

ரமணியின் விரல் பித்தளைக் கட்டைமேல் போய் நின்றது. அந்த விரல்மேல் கந்தப்புவின் கை வந்து படிந்தது. தடுக்கிறதற்காகவா, சேர்ந்து அழுத்துகிறதற்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. மற்றக் கையால் அவர் பதிவேட்டைத் திறந்தார். பேனா நுனியிலிருந்து ஒரு சொட்டு மை விழுந்தது.

"பாரம் கேள்வி கேட்டால்…" என்றார். "பாரம் ஏதும் கேட்டால், அது எந்தக் கட்டத்தில… ரமணி, எந்தக் கட்டத்தில போடுறது?"

ஜன்னல் வழியே பன்னிரண்டு முந்தானைகளும் மழையில் ஆடிக்கொண்டிருந்தன. விமானத்தின் சத்தம் கூரையைத் தொட்டுக்கொண்டு திடல் பக்கம் இறங்கியது.

"நல்லம்மா அந்த வரிசையில நிக்கிறாளா?" என்றது குழல். "ஏ புள்ள, மழையில ஒரு மூஞ்சியும் தெரியல எனக்கு. அதுல நீ எது? கைய மட்டும் கொஞ்சம் ஒசத்திக் காட்டு, நான் ஒன்னையே பாத்துக்கிட்டு எறங்கிடறேன்."